ஆரு என்று கேட்டது

நாகலூர்ச் சரிவில் பெய்கிற மழை
எவ்வளவு மண்ணுக்குள் போகும்,
எவ்வளவு ஓடைக்குப் போகும்.
இதுதான் கணக்கு.

கணக்கின் உடம்பை நான் எழுதினேன், சி மொழியில்,
அழகாபுரத்து மாடி அறையில்,
மின்விசிறி நின்றுபோன மே மாத ராத்திரிகளில்.
மண்ணின் குணத்தை எழுதியவன் பூங்காவனம்,
மலைமேல் இருந்தபடி, ஆர் மொழியில், பதினாறு வரி.

எங்கள் பக்கம் யாரென்பதை ஆரு என்போம்.
அவன் பெயர் வைத்த மொழியல்ல அது,
ஆனாலும் பொருத்தம்.
என் நிரல் ஓடுகிற நேரமெல்லாம்
கதவைத் தட்டி
அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது:
இந்த ஆழத்தில், இந்த ஈரத்தில்
மண் இன்னும் எவ்வளவு குடிக்கும், சொல்ல ஆரு?

பதில் வந்தால் நீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்.
மறுபடி தட்டும்.
ஒரு பருவமழைக்கு நான்கு கோடி முறை.

தட்டுவது லேசில்லை.
என் வீட்டில் எண் என்றால் வெறும் எண், எட்டு பைட்.
அங்கே எண்ணுக்கும் சட்டை வேண்டும், பொத்தான் வேண்டும்,
நீளம் இத்தனை என்று பட்டை குத்த வேண்டும்.
அதோடு அங்கே ஒருத்தன்
விளக்குமாறும் கையுமாக அலைகிறான்.
சொந்தம் கொண்டாட ஆளில்லாத எதையும்
கேட்காமல் வாரிவிடுவான்.
அதனால் ஒவ்வொன்றின் மேலும் துண்டு போடணும்,
பஸ் சீட்டில் போடுகிற மாதிரி.
இறங்கும்போது எண்ணி எடுக்கணும்.

ஒரே ஒரு இடத்தில் போட மறந்தேன்.
மூன்று மணி நேரம் ஒழுங்காக ஓடிய கணக்கு
ஐப்பசி பதினேழாம் தேதி மழையில்
காரணம் சொல்லாமல் செத்தது.

சரிசெய்தேன். ஆறு மணி நேரம் ஆயிற்று.
அஸ்தம்பட்டி தாண்டி, அடிவாரம் தாண்டி,
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு
காலியாக இறங்குகிற பஸ்.
நான்கு கோடி டிரிப்.

பொறுக்கவில்லை.
அவனுடைய பதினாறு வரியை
என் மொழியில் இருபத்தொன்பது வரியாக எழுதி
உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன்.
கீழே இறங்கி ஒரு தட்டுவடை செட்
தின்றுவிட்டு வருவதற்குள்
பருவம் முழுக்கப் பெய்து ஓய்ந்திருந்தது.
ஒன்பது நிமிடம். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் போன்.
"எண்ணெல்லாம் போன மாசத்து எண்ணா இருக்கே?
எஸ்டேட்ல சில்வர் ஓக்கை வெட்டிட்டாங்க,
ஜேசிபி ஏறி மண்ணு கெட்டிச்சுப் போச்சு.
ஏழாவது வரியை மாத்தி வெச்சேனே.
கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கேட்கவில்லை.
இல்லாத மரங்களின் வேர் வழியே
அசுர வேகத்தில்
தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தேன்.

தையலைப் பிரித்தேன்.
திரும்பவும் கதவு, திரும்பவும் துண்டு.
ஆனால் ஆளுக்கொரு பஸ் விட்டது ஆரு தப்பு?
இருநூறு ஆழங்களையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து
ஒரே டிரிப்பில் ஏற்றினேன்.
நாற்பது நிமிடம். ஒன்பது இல்லை. போகட்டும்.

நேற்று ராத்திரி முப்பத்தெட்டாம் நிமிடத்தில்
பஸ் திரும்பி வரவில்லை.
நான் திறந்த கோப்புகள் திறந்தபடி,
வாங்கிய நினைவகம் வாங்கியபடி கிடக்க,
எல்லாவற்றையும் ஒரே தாவாகத் தாண்டி
திரையில் வந்து நின்றது
பூங்காவனத்தின் பதினேழாவது வரி:

"நூத்து நாப்பது சென்டிக்குக் கீழ
குழாய் ஒடஞ்சிருக்கு. அளக்கல.
தெரியாது."

எட்டு பைட்டில் இதை எங்கே வைப்பது என்று
விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.